லான்ல ராகி மாதிரி புல்லு முளைக்குதா? எங்க நிக்குது, எப்படி இருக்குன்னு பாத்து சரி பண்ற வழி

கோடை மழை ரெண்டு பெஞ்சா போதும், கிருஷ்ணகிரி தர்மபுரி ஓசூர் பக்கம் லான் வச்சிருக்கற வீட்ல எல்லாம் ஒரே கேள்விதான் வரும், "நல்லா இருந்த மெக்சிகன் புல்லுக்குள்ள வேற ஏதோ புல்லு வருது, என்ன மருந்து அடிக்கலாம்?"னு. மருந்து பேரு அப்புறம். அது என்ன புல்லு, லான்ல எந்த இடத்துல நிக்குது, இந்த ரெண்டையும் மொதல்ல பாக்கணும். ஏன்னா நம்ம பக்கம் லான்ல வர்ற புல் களை முக்கியமா நாலு வகை, ஒண்ணுக்கு எடுக்கற வழி இன்னொண்ணுக்கு எடுபடாது, கோரைக்கெல்லாம் தப்பா கை வச்சா இருக்கறத விட ஜாஸ்தியாவும் ஆகிடும். நிக்கற இடத்த பாத்தா அது ஏன் வந்துச்சுன்னும் தெரிஞ்சிடும், அத சரி பண்ணாம மருந்து மட்டும் அடிச்சா அடுத்த மழைக்கு அதே இடத்துல திரும்ப நிக்கும்.

மொதல்ல ஒரு செடிய வேரோட எடுத்து பாருங்க

சாயங்காலம் தண்ணி விட்டு நல்லா ஊறவச்சு, காலைல ஒரு செடிய முழுசா தோண்டி எடுங்க. மண்ண உதறிட்டு வெளிச்சத்துல வச்சு அடித்தண்ட பாருங்க, இலைய இல்ல, அடித்தண்ட. இலைய பாத்து கண்டுபிடிக்கறேன்னு போனா எல்லாமே பச்சையா நீட்டமாதான் இருக்கும்.

அடித்தண்டு தட்டையா, வெள்ளையா, கிட்டத்தட்ட வெள்ளி மாதிரி மினுக்குதுன்னா அது ராகியோட சொந்தக்காரப் புல்லு. இதுக்கு ஊருக்கு ஊர் ஒரு பேரு சொல்றாங்க, நான் இங்க ராகிப்புல்லுன்னே எழுதறேன். அறிவியல் பேரு எலுசைன் இண்டிகா, நம்ம ராகி எலுசைன் கொராகானா, ரெண்டும் ஒரே குடும்பம்னு மட்டும் இல்ல, ராகி உருவானதுலயே இந்த இண்டிகாவுக்கு பங்கு இருக்கு, ராகியோட ரெண்டு ஜீன் தொகுப்புல ஒண்ணு இந்த வழியா வந்ததுதான். அதனாலதான் கதிர் வந்ததும் நம்ம ஊர் ஆளுங்க பாத்த உடனே ராகி ஜாடைன்னு சொல்லிடுவாங்க, விரல் விரலா பிரிஞ்சு நிக்கும், ஆனா ராகி விரல் மாதிரி உள்பக்கமா மடங்காது, ஒல்லியா நீட்டி விரிஞ்சே இருக்கும். பல கதிர்ல ஒரே ஒரு விரல் மட்டும் மத்த விரல்லாம் கிளம்பற இடத்துக்கு கொஞ்சம் கீழ தனியா கிளம்பியிருக்கும், அத பாத்தா சந்தேகமே வேணாம்.

அடித்தண்டு உருண்டையா இருந்து, தரையோட படர்ந்து போய், கணுவுக்கு கணு வேர் விட்டிருந்தா அது டிஜிடேரியா வகை, அரிசிப்புல்லுன்னு சொல்றது. இலை அகலமா கொஞ்சம் வெளிர் பச்சையா இருக்கும், இலை உறையில ரோமம் இருக்கும், கதிரும் விரல் மாதிரிதான் ஆனா ரொம்ப மெல்லிசு.

தண்ட விரல்ல உருட்டி பாக்கும்போது மூணு பட்டை தட்டுப்பட்டா அது கோரை. உருண்டு வராது, தடங்கி தடங்கி வரும். இது புல்லே இல்ல, வேற குடும்பம், ஆனா லான்ல பாக்கறவங்களுக்கு புல்லு மாதிரிதான் தெரியும். அடியில சின்னதா கருப்பு கிழங்கு இருக்கும், கிள்ளி மோந்து பாத்தா வாசனை வரும், நாட்டு மருந்து கடையில கோரைக்கிழங்குன்னு விக்கறாங்களே அதேதான்.

நாலாவது அருகம்புல்லு. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பெர்முடா லான் வச்சிருந்தா அதுவே லான், மெக்சிகனோ கொரியனோ வச்சிருந்தா அதுவே களை.

கதிர் காக்கா கால் மாதிரி குட்டையா பிரிஞ்சு நிக்கற புல்லு ஒண்ணும், செந்நிறமா பிரஷ் மாதிரி கதிர் விடற ரோட்டோர புல்லு ஒண்ணும் அப்பப்ப வரும், அதெல்லாம் கையாலயே புடுங்கிடலாம், பெரிய தொல்லை இல்ல.

கதிர் வர்றதுக்கு முன்னாடி இளசா இருக்கும்போது ராகிப்புல்ல எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேப்பாங்க. ராகி காட்டுல களை வெட்டற அக்கா ஒருத்தங்க செய்யறத பாத்திருக்கேன், செடிய புடுங்காமலே கட்டைவிரலால குருத்த தரையோட ஒதுக்கி அடிய பாப்பாங்க, வெள்ளையா தட்டையா இருந்தா களைக்கொத்த அங்கயே இறக்கிடுவாங்க, "சால்ல இருக்கறது ராகி, சாலுக்கு வெளிய இருக்கறது இது, சால்லயே வந்துட்டா கதிர் வர்ற வரைக்கும் எனக்கே தெரியாது கண்ணு"ன்னாங்க. சால்னா ராகி விதைச்ச வரிசை. காட்டுல ராகி நாத்துக்கும் இதுக்கும் அவ்ளோ ஒத்துமை. லான்ல நமக்கு அந்த கஷ்டம் இல்ல, மெக்சிகன் இலை ஊசி மாதிரி சன்னம், இது பட்டையா நடுவுல மடிஞ்சு நிக்கும், குருத்த ஒதுக்கி பாத்தா தெரிஞ்சிடும்.

"நடக்கற இடத்துல மட்டும், கேட் பக்கம், கார் திருப்பற ஓரத்துல மட்டும் வட்டம் வட்டமா வருது"

இது ராகிப்புல்லோட கையெழுத்து. நம்ம செம்மண்ணு காஞ்சா கல்லு மாதிரி இறுகிடும், அதுல ஆளு நடந்து, வண்டி ஏறி இறங்கி, கல்யாண மண்டபத்து லான்னா சேரு மேசை போட்டு எடுத்து, மண்ணுல காத்து போற இடமே இல்லாம ஆகிடும். லான் புல்லோட வேர் அதுல மூச்சு விடாம மெலிஞ்சு போகும், ராகிப்புல்லு வேர் மட்டும் அந்த இறுகின மண்ணையும் துளைச்சுட்டு போகும். லான் புல்லு விட்டுக்குடுத்த இடத்த அது புடிச்சுக்குது, அவ்ளோதான்.

ஒரு நீட்ட ஸ்க்ரூ டிரைவர எடுத்து, தண்ணி விட்ட மறுநாள் லான் நடுவுல ஒரு குத்து, ராகிப்புல்லு நிக்கற இடத்துல ஒரு குத்து குத்தி பாருங்க. நடுவுல பிடி வரைக்கும் இறங்கி இங்க ரெண்டு இஞ்ச்லயே நின்னுடுச்சுன்னா காரணம் கையில கிடைச்சிடுச்சு.

இதுக்கு செய்ய வேண்டியது, மொதல்ல இருக்கற செடிங்கள எடுக்கறது. ராகிப்புல்லு ஒரு பருவத்து செடி, கிழங்கு கிடையாது, வேர் துண்டுலருந்து திரும்ப முளைக்காது, அதனால குருத்து சேர்ற அந்த வெள்ளை அடி முழுசா வந்துட்டா அந்த செடி கதை முடிஞ்சது. ஆனா சும்மா மேல பிடிச்சு இழுத்தா இலை மட்டும் கையோட வரும், அடி உள்ளயே நிக்கும், நாலு நாள்ல தழைச்சிடும். ஈரத்துல களைக்கொத்தையோ பழைய கத்தியையோ சாய்வா உள்ள விட்டு அடிக்கு கீழ வேர அறுத்து நெம்பி எடுங்க. பெரிய செடியா இருந்தா கூடவே கை அகலத்துக்கு மண்ணு பேந்து வரும், பரவால்ல, வரட்டும்.

எடுத்தப்புறம் அந்த பள்ளத்த அப்படியே விட்டுடாதீங்க. ராகிப்புல்லு விதைக்கு வெளிச்சமும் சூடும் கிடைச்சா முளைப்பு ஜாஸ்தி, நீங்க புடுங்கி வெறுமையா விட்ட மண்ணு அதுக்கு போட்டு குடுத்த மெத்தை. அன்னைக்கே லான் ஓரத்துலருந்து உள்ளங்கை அளவு புல்லு துண்டு வெட்டி எடுத்து அந்த இடத்துல பதிச்சு மிதிச்சு தண்ணி விடுங்க. ஓரத்துல எடுத்த இடம் சீக்கிரம் மூடிக்கும்.

அப்புறம் மண்ணு. தோட்ட ஃபோர்க்க நாலு இஞ்ச் ஆழம் செங்குத்தா குத்தி லேசா அசைச்சு எடுங்க, ஒரு சாண் தள்ளி அடுத்தது, அப்படியே இறுகின இடம் முழுக்க. ஃபோர்க் இல்லாட்டி கம்பிய கூராக்கி சுத்தியால அடிச்சும் ஓட்டை போடலாம், வேலை கொஞ்சம் ஜாஸ்தி. அந்த ஓட்டையில மணலும் நல்லா மக்கின தொழு உரமும் கலந்து தூவி விளக்குமாத்தால கூட்டி உள்ள இறக்குங்க. வருசத்துக்கு ரெண்டு தடவ, கோடை மழைக்கு முன்னாடி ஒண்ணு, ஆவணி புரட்டாசி மழை பிடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, இத மட்டும் விடாம செஞ்சவங்க லான்ல ராகிப்புல்லு தானா குறைஞ்சிடும், நான் அடிச்சு சொல்வேன், எந்த மருந்தையும் விட இது பெருசு.

தினமும் ஆளு நடக்கற தடம்னா அங்க புல்லு நிக்கவே நிக்காது, வீணா மல்லுக்கட்டாம நாலு கடப்பா கல்ல இடைவெளி விட்டு பதிச்சு நடைபாதை ஆக்கிடுங்க.

"வாரா வாரம் மிஷின் ஓட்டறோம், ஆனா ஜாஸ்திதான் ஆகுது"

புல்லு வெட்டற மிஷின எவ்ளோ கீழ வச்சு ஓட்டறாங்கன்னு பாருங்க. ஒட்ட வெட்டினா அடிக்கடி வெட்ட வேணாம்னு ஒரு நினைப்பு நிறைய பேருக்கு. தரையோட சிரைச்சு விட்டா மண்ணு வெயிலுக்கு தெரியும், வெயில் பட்ட இடத்துல விதை முளைக்கும். ராகிப்புல்லு வேற, வெட்ட வெட்ட தரையோட தட்டையா படுத்துக்கும், பிளேடுக்கு கீழயே ஒரு இஞ்ச் உயரத்துலயும் கதிர் விட்டு விதை தள்ளிடும். வெட்டியே அழிச்சிடலாம்னு நினைக்காதீங்க, நல்லா வளர்ந்த ஒரே செடி ஆயிரக்கணக்குல விதை போடும், இடமும் தண்ணியும் தோதா இருந்தா 40,000 வரைக்கும் கூட போகும்.

மெக்சிகன், பெர்முடா எல்லாம் ஒண்ணுலருந்து ஒன்றரை இஞ்ச் உயரம் வைங்க, பஃபலோ மாதிரி அகல இலை புல்லுன்னா ரெண்டு ரெண்டரை. ஒரு தடவைக்கு இருக்கற உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க. மிஷின் ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடந்து கதிர் வந்த களைய கையால எடுத்துட்டு ஓட்டுனா விதை பரவாது. வெட்டின புல்ல கதிர் இருக்கற நாள்ல லான்லயே விடாதீங்க, வாரி வெளிய எடுத்துடுங்க.

இன்னொண்ணு யாரும் கவனிக்கறதில்ல. தோட்டக்கார அண்ணன் ஒரே மிஷின எடுத்துட்டு நாலு வீடு சுத்தி வர்றாரு, அடுத்த வீட்டு களை விதை பிளேடு மூடிக்குள்ள ஈரப்புல்லோட ஒட்டிக்கிட்டு உங்க வீட்ல வந்து கொட்டும். "அண்ணே, உள்ள ஓட்டறதுக்கு முன்னாடி வெளியவே மிஷின கவுத்து ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி கழுவிடுங்க"ன்னு சொல்லுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. பிரஷ் கட்டர்னா அதோட தலைப்பக்கமும் இதே மாதிரிதான்.

"புடுங்கினா மூணு நாள்ல ஒண்ணு இருந்த இடத்துல ரெண்டா வருது"

தண்ட உருட்டி பாருங்க, மூணு பட்டையா இருக்கும், இது கோரை. வெட்டின மறுநாளே மத்த புல்லுக்கு மேல பளபளன்னு நீட்டிட்டு நிக்கறதும் இதுதான்.

கோரைய ராகிப்புல்லு மாதிரி நினைச்சு புடுங்கினதுதான் இங்க சிக்கல். கீழ கிழங்குக்கு கிழங்கு கம்பி மாதிரி வேர் ஓடி தொடர்ச்சியா போகும், பெரும்பாலான கிழங்கு மேல அரை அடிக்குள்ளதான் இருக்கும், சிலது ஒரு அடி ஆழத்துலயும் கிடக்கும். மேல இருக்கற செடிய இழுத்தா இடையில அறுந்து, அதுவரைக்கும் தூங்கிட்டு இருந்த பக்கத்து கிழங்கெல்லாம் முழிச்சுக்கும்.

எப்படி வந்துச்சுன்னா, நம்ம பக்கம் பெரும்பாலும் மூணு வழி. லான் போடறதுக்கு ஏரி வண்டலோ வயல் மண்ணோ ஒரு லோடு அடிச்சிருப்பாங்க, அதுல கிழங்கோட வரும். நர்சரியிலருந்து கார்பெட்டா வாங்கின புல்லு அடிமண்ணுல ஒட்டிட்டு வரும். இல்லாட்டி அந்த மனை முன்னாடி விவசாய நிலமா இருந்து லேஅவுட் போட்டதா இருக்கும், கிழங்கு ஏற்கனவே உள்ளதான் கிடந்திருக்கும்.

கொஞ்சமா, ஒரு பாய் அகலத்துக்குள்ள இருந்தா தோண்டியே முடிச்சிடலாம். முக்கால் அடி ஆழத்துக்கு மண்ண வெட்டி சல்லடையில சலிச்சு கிழங்க பொறுக்கணும், பொறுக்கினத குப்பைக்குழியில போடாம மொட்டை மாடியில பங்குனி சித்திரை வெயில்ல காயப்போடுங்க, நல்லா சுக்கா காஞ்சா கிழங்கு செத்துடும், அதுக்காகத்தான் கோடை உழவுன்னு பெரியவங்க காட்ட புரட்டி போட்டு வெயில் காட்டறது.

லான் முழுக்க பரவியிருந்தா தோண்டி கட்டாது. இதுக்கு ஹேலோசல்ஃபியூரான் மீத்தைல் 75 சதவீதம்னு ஒரு மருந்து இருக்கு, கரும்புல கோரைக்குன்னே விக்கறாங்க, அங்க ஏக்கருக்கு 36 கிராம். கோரைய மட்டும் புடிச்சு கிழங்கு வரைக்கும் இறங்கற மருந்து, பெர்முடா மெக்சிகன் வகை புல்லு சரியான அளவுல தாங்கிக்கும். அளவுதான் இங்க எல்லாமே. ஏக்கர்னா 43,560 சதுரடி, உங்க லான் 1000 சதுரடின்னா ஒரு கிராமுக்கும் கம்மிதான் வரும், ஸ்பூன் கணக்குல கண்ணால மதிப்பு போட்டா பத்து மடங்கு ஜாஸ்தி ஆகிடும், அதனால நகை நிறுக்கற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசுல நிறுத்துதான் போடணும். ஒட்டும் திரவம் கலந்து, கோரை நாலஞ்சு இலை விட்டு தழைச்சு இருக்கும்போது அடிங்க, அடிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியும் ரெண்டு நாள் அப்புறமும் மிஷின் ஓட்டக்கூடாது, இலை இருந்தாதான் மருந்து உள்ள போகும். அடிச்ச மூணாவது நாளே "ஒண்ணும் ஆகல"ன்னு இன்னொரு கை அடிச்சிடாதீங்க, இது மெதுவான மருந்து, மஞ்சளாகி சாகறதுக்கு ரெண்டு மூணு வாரம் எடுக்கும். தூங்கற கிழங்கு அப்புறமா முளைக்கும், அதுக்கு ஒன்றரை ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவ தேவைப்படும்.

"புதுசா கார்பெட் போட்டு ஒரு மாசம்கூட ஆகல, இடுக்குல எல்லாம் சின்ன சின்னதா முளைக்குது"

இடுக்குல வந்தா பெரும்பாலும் அடியில போட்ட எருதான். மாட்டு வயித்துக்குள்ள போய் வந்தாலும் நிறைய களை விதை சாகாது, அரைகுறையா மக்கின சாணம், ஆட்டுப்புழுக்கை போட்டா புல்லு விதைய காசு குடுத்து வாங்கி விதைச்ச மாதிரிதான் ஆகிடும். மண்புழு உரம்னா களை வராதுன்னு சொல்றாங்க, அதையும் அப்படியே நம்பாதீங்க, மண்புழு தொட்டியில சூடு ஏறாது, மொதல்ல குவியல்ல போட்டு நல்லா சூடேறி மக்க வச்சு அப்புறம் புழுவுக்கு போட்டதுன்னாதான் விதை செத்திருக்கும். குவியலுக்குள்ள 55, 60 டிகிரி சூடு சில நாள் நிக்கணும், ஓரத்துல இருக்கறத உள்ள தள்ளி புரட்டி போடணும்.

வாங்கறதுக்கு முன்னாடி சோதிச்சு பாக்கறது சுலபம். ஒரு ட்ரேல அந்த எருவ ஒரு இஞ்ச் பரப்பி ஈரமா வெயில் படற இடத்துல ரெண்டு வாரம் வைங்க. என்ன முளைக்குதோ அதுதான் உங்க லான்ல முளைக்கப்போகுது.

முளைச்சுட்டதுன்னா இந்த கட்டத்துல மருந்து எதுவும் வேணாம், கார்பெட் வேரே இன்னும் பிடிச்சிருக்காது. ரெண்டு இலை மூணு இலை பருவத்துல கட்டைவிரல் ஆள்காட்டி விரல்ல கிள்ளி எடுத்தாலே வேரோட வந்துடும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலைல கொஞ்ச நேரம் உக்காந்தா போதும். விட்டுட்டீங்கன்னா ஒரு மாசத்துல அடி தடிச்சு கத்தி வேணும்.

"தினமும் தண்ணி விடறோம், லான் வாடுது, களை மட்டும் செழிப்பா இருக்கு"

தினமும் பத்து நிமிசம் மேலாப்புல ஓஸ் பிடிச்சு காட்டினா மேல அரை இஞ்ச் மண்ணுதான் நனையும். அந்த அரை இஞ்ச்லதான் களை விதை உக்காந்திருக்கு, அதுக்கு தினம் ஈரம் கிடைச்சா வேற என்ன வேணும். லான் வேருக்கு ஒண்ணும் போய் சேராது. வாரத்துக்கு ரெண்டு தடவ, ரொம்ப வெயில்னா மூணு தடவ, நாலஞ்சு இஞ்ச் ஆழம் நனையற மாதிரி விட்டு நடுவுல மேல்மண்ண காய விடுங்க. சாயங்காலம் லான்ல நடந்தா கால் தடம் அப்படியே படிஞ்சு நிக்குதா, புல்லு நிமிரலையா, அப்ப தண்ணி கேக்குதுன்னு அர்த்தம்.

தர்மபுரி பக்கம் போர் தண்ணில உப்பும் ஃப்ளோரைடும் ஜாஸ்தின்னுதான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரே கொண்டு வந்தாங்க, அந்த குடிதண்ணிய லானுக்கு விடாதீங்க, மனசு வராது. போர் தண்ணியே போதும், தேவைப்படற நாள்ல மட்டும் ஆழமா விட்டா மொத்த செலவும் குறையும்.

"கடையில சொன்ன மருந்த அடிச்சேன், களை சாகல" இல்லாட்டி "லானே மஞ்சளாயிடுச்சு"

இங்க கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா உரக்கடையில கேக்கறவங்களுக்கு காட்டுப்பயிர் கணக்குலதான் மருந்து குடுப்பாங்க, லான் கணக்கு வேற.

2,4-டி அடிச்சிருந்தா அது அகல இலை களைக்கு, பார்த்தீனியம் மாதிரி உள்ளதுக்கு. ராகிப்புல்லு, அரிசிப்புல்லு ரெண்டையும் ஒண்ணும் செய்யாது. ஆனா காத்துல பறந்து போனா தக்காளி செடி இலையெல்லாம் சுருண்டு போகும், ராயக்கோட்டை பாலக்கோடு பக்கம் வீட்டுக்கு அடுத்த வேலியே தக்காளி தோட்டம்தான், ஓசூர் பக்கம் ரோஜா, அங்கெல்லாம் லானுக்கு இத எடுக்கவே எடுக்காதீங்க. ஒருத்தரோட ஒரு போக வருமானம் அது.

வெங்காயம், உளுந்துக்கு புல் களைக்கு அடிக்கற குவிசலோஃபாப் மாதிரி மருந்து ராகிப்புல்ல சாகடிக்கும், கூடவே உங்க லானையும் சாகடிக்கும். அது புல்லுக்குன்னே செஞ்ச மருந்து, லானும் புல்லுதானே. மக்காச்சோளத்துக்கு வர்ற டெம்போட்ரியான், டோப்ரமெசோன் அடிச்சு லான் வெள்ளையா வெளுத்து போனா அது அந்த மருந்தோட குணம், இலையோட பச்சைய பாதுகாக்கற நிறமி உருவாகாம தடுத்துடும். வெளுத்துச்சுன்னா உரம் போட்டு திணிக்காம தண்ணி மட்டும் ஒழுங்கா விட்டு, புது இலை வருதான்னு மூணு நாலு வாரம் பொறுத்து பாருங்க.

கிளைபோசேட் எல்லா பச்சையையும் சாகடிக்கும். 2022 அக்டோபர்ல மத்திய அரசு இத பூச்சிக்கட்டுப்பாட்டு ஆபரேட்டர்கள் வழியா மட்டும்தான் பயன்படுத்தணும்னு அறிவிப்பு போட்டுச்சு, வீட்டு லானுக்கு நாமளே வாங்கி அடிக்கற பொருள் இல்ல. அது போக ராகிப்புல்லு இந்த மருந்துக்கு எதிர்ப்பு எடுத்துக்கற ஜாதி, மலேசியாவுல 1997-லயே கண்டுபிடிச்சு பதிவாகியிருக்கு, உப்பு தண்ணில கலந்தா வேகமும் குறையும். பாராகுவாட் பக்கம் போகவே வேணாம், அத முழுங்கிட்டா மாத்து மருந்தே கிடையாது, குழந்தைங்க இருக்கற வீட்டுக்குள்ள அந்த பாட்டில் வரக்கூடாது.

உப்பு கரைச்சு ஊத்தறது, வினிகர் அடிக்கறதுன்னு வீடியோல வருதே, உப்பு மண்ண கெடுத்துடும், வினிகர் இலைய மட்டும் கருக்கும், ராகிப்புல்லோட அடி உயிரோட இருக்கும். கொதிக்கற தண்ணி ஊத்தறது பேவர் பிளாக் இடுக்குக்கு நல்ல வழி, லானுக்குள்ள ஊத்தினா புல்லும் வெந்துடும்.

அப்ப ராகிப்புல்லுக்கும் அரிசிப்புல்லுக்கும் மருந்தே இல்லையான்னா, முளைக்கறதுக்கு முன்னாடி அடிக்கறது ஒண்ணு இருக்கு, பெண்டிமெத்தலின் 30 ஈசி (30 சதவீதம் மருந்து உள்ள, தண்ணில கலக்கற திரவம்). வெங்காயம், நிலக்கடலைக்கு விதைச்ச உடனே அடிப்பாங்களே அதுதான். விதை முளைக்கும்போதே வேர் ஓடாம தடுக்கும், ஏற்கனவே முளைச்சு நிக்கறத ஒண்ணும் பண்ணாது, அதனால இருக்கறத முழுசா எடுத்துட்டுதான் அடிக்கணும். காட்டு கணக்கு ஹெக்டேருக்கு 3.3 லிட்டர், 1000 சதுரடிக்கு கிட்டத்தட்ட 30 மில்லி, பத்து லிட்டர் தண்ணில கலந்து லான் முழுக்க சமமா விழற மாதிரி அடிச்சு, அன்னைக்கே லேசா தண்ணி விட்டு மண்ணுக்குள்ள இறக்கணும். நம்ம பக்கம் சித்திரை மழைக்கு முன்னாடி ஒண்ணு, வேணும்னா ஆவணி கடைசியில ஒண்ணு, அதுக்கு மேல வேணாம். டப்பா மேல பயிர் பேருதான் இருக்கும், புல்தரைன்னு பெரும்பாலும் போட்டிருக்காது, அதனால இதையும் சரி, மேல சொன்ன கோரை மருந்தையும் சரி, உங்க புல்லு வகைக்கு ஒத்துவருமான்னு ஒரு தடவ விசாரிச்சுட்டு, மொதல்ல ஒரு மூலையில பாய் அளவுக்கு மட்டும் அடிச்சு பாத்துட்டு செய்யுங்க. புதுசா போட்ட லான்ல, இல்லாட்டி நேத்து துண்டு பதிச்ச இடத்துல அடிக்காதீங்க, அந்த புல்லு வேரும் ஓடாது. மருந்து ஆரஞ்சு கலர்ல இருக்கும், சுண்ணாம்பு சுவர், டைல்ஸ், வேட்டி எது மேல பட்டாலும் கறை போகாது. கையுறை, முகமூடி, முழுக்கை சட்டை கட்டாயம், அடிச்ச லான்ல வெட்டின புல்ல மாட்டுக்கோ ஆட்டுக்கோ போடக்கூடாது.

"மெக்சிகனுக்குள்ள அருகம்புல்லு ஏறிடுச்சு"

சுருக்கமா சொல்றேன், மெக்சிகன வச்சுக்கிட்டு அருக மட்டும் சாகடிக்கற மருந்து நம்ம கடையில கிடைக்கறதில்ல. கொஞ்சமா இருந்தா ஓடின கொடிய தொடர்ந்து போய் வேர்த்தண்டோட தோண்டணும், ஒரு கணு விட்டாலும் வரும். பாதிக்கு மேல ஏறிடுச்சுன்னா அருகையே லானா ஏத்துக்கிட்டு வெட்டி பராமரிக்கறது புத்திசாலித்தனம், வெயிலும் மிதியும் நல்லா தாங்கும்.

பக்கத்துல ராகி காடு இருந்தா

கிராமத்துல, டவுன் ஓரத்துல வீடுன்னா இத கூடவே கவனிக்கணும். ராகிக்கு வர்ற குலைநோய் பூசணம் இந்த ராகிப்புல்லுலயும் தங்கும், பயிர் இல்லாத காலத்துல களையில உக்காந்திருந்து அடுத்த போகத்துக்கு பரவ வழி இருக்கு. இலையில நடுவுல சாம்பலா ஓரம் பழுப்பா கண்ணு வடிவத்துல புள்ளி தெரிஞ்சா அந்த செடிய வேலியோரம் வீசிடாதீங்க, பையில கட்டி அப்புறப்படுத்துங்க, இல்ல குழி வெட்டி மூடிடுங்க. கதிர் முத்தின செடியையும் உரக்குழியில போடாதீங்க, திரும்ப எருவோட லானுக்கே வரும்.

என்ன புல்லுன்னே பிடிபடலைன்னா கிருஷ்ணகிரி பக்கம் பையூர்ல வேளாண் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு, தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டியில வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, ராகிய பத்தி அங்க இருக்கறவங்களுக்கு தெரியாதது இல்ல, அதனால அதோட ஜாதிக்கார களையும் பாத்த உடனே சொல்லிடுவாங்க. போன்ல இலை போட்டோ மட்டும் எடுத்துட்டு போனா அவங்களாலயும் சொல்ல முடியாது, வேரோட கதிரோட ஒரு முழு செடிய மண்ணு உதறி ஈரத்துணில சுத்தி, மேல பேப்பர் மடிச்சு எடுத்துட்டு போங்க, லான்ல எந்த இடத்துல எடுத்தீங்க, என்ன புல்லு போட்டிருக்கீங்க, கடைசியா என்ன மருந்து எப்ப அடிச்சீங்கன்னு ஒரு துண்டு சீட்டுல எழுதி கூடவே வச்சுடுங்க.